ஒத்தி வீட்டுக்குக் கெடு முடியப் போகுதா? நீட்டிக்கும் முன் இதைப் படிங்க

"மூணு வருஷம் முடியப் போகுதுக்கா, இன்னும் ரெண்டு வருஷம் இருந்துக்கிறோம்."

"இருங்க தம்பி, நீங்க என்ன வெளியாளா."

மதுரையில் ஒத்தி நீட்டிப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். மாடிப்படியில் நின்றபடியே பேசி, ஒரு காப்பியோடு முடிந்துவிடும். நானும் செல்லூரில் இப்படித்தான் நீட்டித்தேன். ஐந்தே மாதத்தில் வீட்டுக்காரர் திடீரென்று தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய மூத்த மகன் வந்து உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "அப்பா உங்ககிட்ட மூணு லட்சம்தானே வாங்கியிருந்தாரு?" நான் கொடுத்திருந்தது நாலரை லட்சம். இடையில் மகள் கல்யாணத்துக்கு என்று கேட்டபோது ஒன்றரை லட்சத்தை ரொக்கமாக எடுத்துக் கொடுத்திருந்தேன். அது அவருடைய டைரியில் இருந்தது, என் நினைவில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. முழுப் பணமும் கைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் என் மனைவி என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சென்னைப் பக்கம் லீஸ் என்பார்கள், நமக்கு ஒத்தி. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது கொடுத்த தொகையை அப்படியே திரும்ப வாங்குவது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நீட்டிக்கும்போது மறந்துவிடும் ஒன்று உண்டு. அந்தப் பணம் வீட்டுக்காரர் பீரோவில் இல்லை. வாங்கின வாரமே கடனை அடைத்திருப்பார், மாடி கட்டியிருப்பார், மகனுக்குக் கடை வைத்துக் கொடுத்திருப்பார். ஆக ரெண்டு வருடம் நீட்டிக்கிறோம் என்றால், அவருக்கு அதே பணத்தை மறுபடி ரெண்டு வருடத்துக்குக் கடன் கொடுக்கிறோம் என்று அர்த்தம். புதிதாக ஒருவருக்கு ஆறு லட்சம் கடன் கொடுப்பதாக இருந்தால் என்னென்ன பார்ப்பீர்களோ, அத்தனையையும் இப்போதும் பார்க்க வேண்டும். தெரிந்த வீடு, பழகிய மனிதர் என்பதெல்லாம் சரி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுப் பழகுவோம்.

முதலில் கணக்கு. நீட்டிப்பது லாபமா என்றே பலர் போட்டுப் பார்ப்பதில்லை. ஆறு லட்சம் ஒத்தி என்று வையுங்கள். அதை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 42,000, மாதம் 3,500 வரும். அதே தெருவில் அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 8,000 என்றால், மாதம் 4,500 உங்களுக்கு மிச்சம். வீட்டுக்காரர் பக்கம் இருந்து பார்த்தால் வருடம் 96,000 வாடகையை விட்டுக்கொடுத்து ஆறு லட்சம் வைத்திருக்கிறார், அதாவது 16 சதவீத வட்டி. கையில் பணம் புரளும் மனிதர் இந்த வட்டிக்கு ஒத்தி விட மாட்டார், சீக்கிரம் திருப்பிவிடத்தான் பார்ப்பார். ஒத்தியை நீட்டிக்க வீட்டுக்காரரே ரொம்ப ஆர்வமாக இருக்கிறார் என்றால் அவருக்குப் பண நெருக்கடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது தப்பில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சை எப்போது தொடங்குவது? கெடுவுக்கு மூன்று மாதம் முன்னால். போனில் வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள், வீட்டுக்காரரின் மனைவியும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. வீட்டுக்காரர் மறந்துபோவதை அந்த அம்மா மறக்க மாட்டார்.

இந்த இடத்தில் இன்னொன்று. பழைய கெடு எந்தத் தமிழ் மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். ஆடியில் முடிகிற ஒத்தி உண்மையில் ஆவணியில்தான் முடியும், மார்கழியில் முடிகிறது தையில்தான். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யார் புதுவீட்டில் பால் காய்ச்சுவார்? அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் உங்கள் பணத்தைத் திருப்ப முடியும் என்ற நிலையில் பல வீட்டுக்காரர்கள் இருப்பதால், அந்த மாதங்களில் நீங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். நீட்டிக்கும்போது வருடக் கணக்கை முழுசாகப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ரெண்டு வருடத்துக்குப் பதில், ஆடிக் கெடு என்றால் இருபத்தொரு மாதமோ, மார்கழிக் கெடு என்றால் இருபத்தெட்டு மாதமோ போட்டு, கெடுவை சித்திரை வைகாசிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பள்ளிக்கூட லீவு, வீடு தேடி அலைகிறவர்கள் கூட்டம், அப்போதுதான் வீட்டுக்கு ஆள் கிடைக்கும், உங்களுக்கும் வேறு வீடு கிடைக்கும்.

அடுத்தது வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, அதாவது வீட்டின் பேரில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது. ஒத்திக்கு வந்தபோதே பார்த்தோமே என்று விடாதீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கிறது என்பதுதான் இப்போது விஷயம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் இருந்தால் போதும், இவை வீட்டுப் பத்திர நகலில் இருக்கும். நீங்கள் குடிவந்த நாளிலிருந்து இன்றுவரை தேடுங்கள். உரிமை ஆவணங்களை வங்கியில் ஒப்படைத்ததாக ஒரு பதிவு இருக்கிறதா? இருந்தால் வீடு கடனில் இருக்கிறது. வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டாரா? அப்படியானால் நீட்டிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா இல்லை, மகன். யாருக்காவது கிரய ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா? நீதிமன்றப் பற்றுகை, அதாவது கோர்ட் ஜப்தி, ஏதாவது?

வங்கிக் கடன் இருந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்றில்லை. எத்தனையோ பேர் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டே ஒத்திக்கும் விடுகிறார்கள். தவணை ஒழுங்காகப் போகிறதா என்று கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள். தவணை நின்றுபோனால் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி வங்கி வழக்குப் போடாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். உங்களுக்கு முன்னாலேயே வங்கியில் அடமானம் ஆகியிருந்தால் ஏலப் பணத்தில் வங்கிக்குத்தான் முதல் உரிமை, வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஒத்திப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை. ஸ்டேட்மென்ட்டைக் காட்ட மறுத்தால், என்னைக் கேட்டால் நீட்டிக்காதீர்கள்.

இனி பத்திரம். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

நம் கையில் இருக்கும் காகிதம் மூன்று வகையில் ஏதோ ஒன்றாக இருக்கும். கோர்ட் பக்கம் டைப் அடித்து, முத்திரைத்தாளில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட, பதிவு செய்யாத ஒப்பந்தம். இல்லை, பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் மாதிரி எழுதி ஒத்திப் பணத்தை அட்வான்ஸ் என்று காட்டியது. அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிந்த ஒத்திப் பத்திரம். மூன்றாவது வகை அபூர்வம், ஏனென்றால் செலவு. குத்தகையாகப் பதிந்தால் முப்பது வருடத்துக்கு உட்பட்டதற்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், ஆனால் சுவாதீனம் கொடுத்து, அதாவது வீட்டை உங்கள் வசம் ஒப்படைத்து, எழுதும் அடமானமாகப் பதிந்தால் 4 சதவீதம், அதோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 24,000-மும் 6,000-மும், ஆக 30,000. (கட்டணங்கள் அவ்வப்போது மாறும், போகும் முன் பதிவுத்துறை தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) ரெண்டு வருடத்துக்குப் போய் முப்பதாயிரமா என்று வாய் பிளப்போம், நானும் பிளந்தேன். ஆனால் அந்த முப்பதாயிரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 1882-ஆம் வருடத்து சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேற்பட்டோ உள்ள தொகைக்கு இந்த மாதிரி அடமானம் எழுதினால் பதிவு செய்தே ஆக வேண்டும், ரெண்டு சாட்சியும் வேண்டும். பதிந்துவிட்டால் அது வில்லங்கத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு வீட்டை யார் வாங்கினாலும் உங்கள் பணத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்குகிறார், பணம் வரும்வரை வீட்டை உங்கள் வசம் வைத்திருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பதியாத காகிதத்தில் இந்தப் பலம் கிடையாது, அது வெறும் கடன் சீட்டு மாதிரி.

கடன் சீட்டு என்றதும் ஞாபகம் வைக்க வேண்டியது மூன்று வருடக் கணக்கு. சாதாரணக் கடனை வசூலிக்க வழக்குப் போடுவதற்குக் காலவரம்பு மூன்று வருடம். பதியாத ஒத்திக்குக் கெடு முடிந்து, எதுவும் எழுதாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால், நீங்கள் நிம்மதியாகத் தூங்குகிற வீட்டிலேயே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். காலவரம்பு தீரும் முன் "இவ்வளவு தொகை நான் தர வேண்டியிருக்கிறது" என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். நீட்டிப்புக் காகிதத்தின் முக்கியமான வேலையே இதுதான்.

அதனால் பதியப் போகிறீர்களோ இல்லையோ, நீட்டிப்பில் இந்த வரிகள் இருந்தே ஆக வேண்டும். என் இரண்டாவது வீட்டில், அது ஆனையூரில், பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்து நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மேற்படி வீட்டின் பேரில் முன்பு எழுதிக்கொண்ட ஒத்தி ஒப்பந்தத்தின்படி நான் தங்களிடம் பெற்றுக்கொண்ட ஒத்தித் தொகை ரூபாய் ஐந்து லட்சமும், இடையில் வங்கி மூலம் பெற்றுக்கொண்ட மேல் ஒத்தித் தொகை ரூபாய் ஐம்பதாயிரமும், ஆக மொத்தம் ரூபாய் ஐந்து லட்சத்து ஐம்பதாயிரம் இன்றைய தேதியில் நான் தங்களுக்குத் திருப்பித் தர வேண்டியுள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தொகையின் பேரில் கெடு இன்ன தேதி வரை நீட்டிக்கப்படுகிறது. கெடு தேதியில் முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு தாங்கள் சாவியை ஒப்படைக்க வேண்டியது."

பழைய ஒப்பந்தத்தின் தேதி, பதிந்ததாக இருந்தால் ஆவண எண், வருடம், எந்தச் சார்பதிவகம் என்பதெல்லாம் வர வேண்டும். பழையது பதிந்த பத்திரம் என்றால் நீட்டிப்பையும் பதியுங்கள். பழைய முத்திரைத்தாளின் பின்பக்கம் "2 வருடம் நீட்டிப்பு" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் நம் ஊரில் ஏராளம். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலாம், அவ்வளவுதான். கணவன் மனைவி ரெண்டு பேர் பெயரிலும் வீடு இருந்தால் ரெண்டு கையெழுத்தும் வேண்டும். வீட்டுக்காரர் இறந்துவிட்டால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் போட வேண்டும், துபாயில் இருக்கிற மகனும் சேர்த்துத்தான். என் செல்லூர் வீட்டில் மூன்று வாரிசு, மூன்றாமவர் கையெழுத்துக்குத்தான் அந்தப் பதினான்கு மாதத்தில் பாதி போனது.

வாடகை ஒப்பந்தம் மாதிரி எழுதியவர்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டப்படி (அது 2017-ஆம் வருடத்துச் சட்டம்) பதினொரு மாதமோ எவ்வளவோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். கெடு முடிந்து புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால் பழைய நிபந்தனைகளிலேயே மாதா மாதம் நீண்டதாகக் கருதுவார்கள், ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தை நம்பி ஐந்தாவது மாதம் வரை சும்மா இருக்காதீர்கள். அப்புறம், பதினொரு மாதம் என்று எழுதினால் சார்பதிவாளரிடம் போக வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த எண்ணே வந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிந்தாக வேண்டும். மூன்று வருடம் என்று எழுதிவிட்டுப் பதியாமல் வைத்திருந்தால், தகராறு வரும்போது அந்தக் காகிதத்தை நீதிமன்றத்தில் காட்டி மூன்று வருட உரிமையை நிரூபிப்பது பெரும்பாடு.

மேல் ஒத்தி கேட்டால்? நீட்டிப்பு என்றாலே "இப்ப ரேட்டு ஏறிப்போச்சு, இன்னொரு லட்சம் சேத்துக் கொடுங்க" என்பது வரும். கேட்பது நியாயம்தான், மூன்று வருடத்தில் வாடகையும் ஏறியிருக்கும். ஆனால் சேர்த்துக் கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும் திரும்பி வர வேண்டிய லட்சம். நான் சொல்வது, தொகையை ஏற்றுவதைவிட மாதம் ஐந்நூறோ ஆயிரமோ வாடகையாகத் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். பாதி ஒத்தி பாதி வாடகை நம் ஊரில் புதிதில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வங்கி வழியாக மட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்கு அபராதம், திருப்பிக் கொடுக்கும்போதும் அதே கதை. "எனக்குப் பிரச்சினை இல்லண்ணே, உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும்" என்று சொல்லுங்கள், உடனே அக்கவுண்ட் நம்பர் வரும். முதலில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள், மேலே எழுதின மாதிரி தொகையை ஒப்புக்கொள்ளும் வரியை இப்போதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் பேசலாம், அதை யாரும் செய்வதில்லை. ஆறு லட்சத்தில் ஒரு லட்சத்தை இப்போதே திருப்பிக் கொடுங்கள், ஐந்து லட்சத்தில் நீட்டித்துக்கொள்கிறேன் என்று கேட்பது. சின்னத் தொகை என்பதால் சிலர் எங்காவது புரட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு லட்சத்தையும் புரட்ட முடியவில்லை என்றால், ரெண்டு வருடம் கழித்து ஆறையும் எங்கிருந்து புரட்டுவார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

பேசும்போதே வீட்டையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிடுங்கள். ஆனையூர் வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், கையால் காற்றாடியைத் தள்ளிவிட்டால்தான் சுற்றும், அதற்கென்றே ஒரு பழைய ஸ்குரூடிரைவரைத் தொட்டி மேலே வைத்திருப்போம். நீட்டிப்புப் பேச்சில்தான் அந்த மோட்டார் மாறியது. கெடு நடுவில் சொன்னால் "பாப்போம் தம்பி", கெடு முடிவில் சொன்னால் மறுநாள் பிளம்பர். ஒழுகுகிற தளம், வெள்ளையடிப்பு, செப்டிக் டேங்க், யார் செலவு என்று ஒரு வரி காகிதத்தில் ஏற்றிவிடுங்கள். சொத்து வரி வீட்டுக்காரர், கரண்ட் பில் நாம், தண்ணீர் வரி பேசிக்கொள்வது, இது வழக்கம். புரோக்கர் யாராவது நீட்டிப்புக்கும் கமிஷன் கேட்டு வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சில பேருக்கு நீட்டிக்கவே விருப்பம் இருக்காது, ஆனால் வீட்டுக்காரரிடம் பணம் இல்லை, "கொஞ்ச நாள் இருங்களேன்" என்பார். இந்தக் கட்டாய நீட்டிப்புக்கும் காகிதம் வேண்டும், இன்னும் கறாராக வேண்டும். நான் காலி செய்யத் தயார், பணம் தரப்படவில்லை, இன்ன தேதிக்குள் தருவதாக ஒப்புக்கொள்கிறார் என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு இழுத்தடித்தால் அதையே கடிதமாக எழுதி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். (பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், தபால் ஆபீசில் தேடாதீர்கள்.) சாவி மட்டும் போகக் கூடாது. "நீங்க பக்கத்துல மாறிக்கங்க, அடுத்த வாரம் பணம் வருது" என்று எவ்வளவு பாசமாகச் சொன்னாலும் சரி. ஒரு கையில் பணம், மறு கையில் சாவி, இதுதான் ஒத்தியின் ஒரே விதி. வேலை மாறிப் போயே ஆக வேண்டும் என்றால்கூட ஒரு கட்டிலையும் ரெண்டு அண்டாவையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டுப் போங்கள்.

புதிதாக ஒத்திக்கு வருகிறவரே நேராக உங்களுக்குப் பணம் போடுவதும் உண்டு. அது நல்லதுதான், வீட்டுக்காரர் முன்னிலையில், அவர் கையெழுத்தோடு நடக்க வேண்டும்.

பதிந்த ஒத்தியாக இருந்தால் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது, மீட்பு ரசீது. பணம் வந்த பிறகு நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுத்தால்தான் வில்லங்கத்தில் அந்த ஒத்தி தீர்ந்ததாக ஏறும். வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ அவருக்கு அது கட்டாயம் தேவை. கெடுவன்று பணம் முழுதாக வங்கியில் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்த பிறகு, கரண்ட் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அவரோடு கிளம்பிப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆட்டோ காசு அவர் தரட்டும்.